லெந்து நாட்களில் ஜெபமும் வேதவாசிப்பும்: வேலூர்ப் பக்கத்துச் சபையார் கேட்ட கேள்விகள்

காட்பாடிப் பக்கம் ஒரு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியில் கற்றுக்கொடுக்கிறேன். நான் ஆயர் அல்ல, இறையியல் படித்தவளும் அல்ல. ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது பெண்கள், பிள்ளைகள், சில சமயம் பெரியவர்களும் என்னை நிறுத்திக் கேட்கும் கேள்விகள் இவை. நான் சொல்லிவந்த பதில்களைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதியிருக்கிறேன்.

லெந்து, தவக்காலம், இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றுதான். சி.எஸ்.ஐ.யிலும் லுத்தரன் சபையிலும் லெந்து நாட்கள் என்று சொல்லிப் பழகிவிட்டோம். ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்க) கோயிலில் தவக்காலம் என்பார்கள். நாம் சாம்பற்புதன் என்பதை அவர்கள் திருநீற்றுப் புதன் என்கிறார்கள். பேர்தான் வேறு. இயேசு வனாந்தரத்தில் நாற்பது நாள் இருந்ததை நினைத்து, உயிர்த்தெழுந்த பண்டிகைக்கு மனதைத் தயார்படுத்தும் காலம். சீனாய் மலையில் மோசே நாற்பது நாள் இருந்தார். எலியா நாற்பது நாள் நடந்து ஓரேபுக்குப் போனார். வேதத்தில் நாற்பது என்ற எண் வரும் பல இடங்களில் யாரோ ஒருவர் கடவுளுக்குக் காத்திருப்பதைப் பார்க்கலாம்.

காலண்டரில் எண்ணினால் 46 நாள் வருகிறதே?

ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துவிடுங்கள், நாற்பது வரும். ஒவ்வொரு ஞாயிறும் ஆண்டவர் உயிர்த்த நாள் என்பதால் அதை உபவாச நாளாகக் கணக்கில் சேர்ப்பதில்லை. சாம்பற்புதனில் தொடங்கி, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமையோடு நாற்பது முடிகிறது. ஆர்.சி. திருவழிபாட்டு ஒழுங்குப்படி தவக்காலம் பெரிய வியாழன் மாலையோடு முடிந்து அடுத்த மூன்று நாட்கள் தனியாக எண்ணப்படும். நம் வீட்டு வாசிப்புக்கு அந்த வித்தியாசம் ஒரு தடையே இல்லை.

தேதி ஏன் வருஷா வருஷம் மாறுகிறது?

மார்ச் 21-இலோ அதற்குப் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறுதான் ஈஸ்டர். நிலாவைப் பார்த்துப் போடும் கணக்கு என்பதால் மாறுகிறது. 2026-இல் சாம்பற்புதன் பிப்ரவரி 18, ஈஸ்டர் ஏப்ரல் 5. 2027-இல் பிப்ரவரி 10, மார்ச் 28.

“எங்கள் தாத்தா காலத்தில் லெந்து என்றெல்லாம் பெரிதாகக் கிடையாது” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்கிறார்களே, உண்மையா?

சில குடும்பங்களுக்கு அது உண்மையாக இருக்கலாம். காரணம் நம் ஜில்லாவின் சபைச் சரித்திரத்திலேயே இருக்கிறது. இந்தப் பக்கத்தில் ஊழியம் செய்த ஆற்காடு மிஷன் 1853-இல் ஏற்பட்டது. ஸ்கடர் குடும்பத்தார் தொடங்கியது. அவர்கள் அமெரிக்க சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர்கள். சீர்திருத்தச் சபைகள் ஆரம்பத்திலிருந்தே லெந்து உபவாசத்தைக் கட்டாயமாக வைக்கவில்லை. 1522-இல் சூரிக் நகரத்தில் லெந்து நாளில் சிலர் இறைச்சி சாப்பிட்டது பெரிய விவகாரமாகி, சுவிங்கிலி என்ற போதகர் அவர்கள் பக்கம் நின்று பிரசங்கம் செய்தார். சாப்பாட்டு விஷயத்தில் மனசாட்சியை யாரும் கட்டிப்போடக் கூடாது என்பது அவர் வாதம்.

ஆனால் இதே வேலூரில், கோட்டைக்குள் இருக்கும் தூய யோவான் ஆலயம் 1846-இல் கட்டப்பட்டது. அது ஆங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபை வழி வந்தது. அந்த வழியில் லெந்து எப்போதும் உண்டு. ஆம்பூர்ப் பக்கத்து லுத்தரன் சபைகளின் மரபிலும் உண்டு. அவர்கள் புதன்கிழமை மாலைகளில் பாடுகளைத் தியானிக்கிற ஆராதனை வைப்பார்கள். 1947-இல் தென்னிந்தியத் திருச்சபை உண்டானபோது பல வழிகளில் வந்தவர்கள் ஒன்றானார்கள். லெந்தை அனுசரித்தவர்களும் அனுசரிக்காதவர்களும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆகவே உங்கள் தாத்தாவும் சரி, பக்கத்து வீட்டுத் தாத்தாவும் சரி. அனுசரிக்காத தாத்தாக்கள் தினமும் காலையில் வேதம் வாசிக்காமல் காபி குடித்ததில்லை என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள்.

லெந்துக்கு வேதத்தில் எந்தப் பகுதியைப் படிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் எனக்கு மிகவும் ஆசையாகப் பதில் சொல்லத் தோன்றும்.

மாற்கு சுவிசேஷத்தில் 16 அதிகாரம். லூக்காவில் 24. கூட்டினால் 40. ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், ஞாயிறு தவிர. வேறு எந்த அட்டவணையும் வேண்டாம், புத்தகம் வாங்க வேண்டாம், போனில் எதையும் இறக்க வேண்டாம்.

இதை ஒரு வருஷம் பென்சிலால் காலண்டரில் குறித்துப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. சாம்பற்புதனன்று மாற்கு 1 வருகிறது. இயேசு நாற்பது நாள் வனாந்தரத்தில் இருந்தது அந்த அதிகாரத்தில்தான் இருக்கிறது. “மனந்திரும்பி, சுவிசேஷத்தை விசுவாசியுங்கள்” என்ற வசனமும் அங்கேயே. நெற்றியில் சாம்பல் இடும்போது ஆர்.சி. கோயிலில் குருவானவர் சொல்லும் வார்த்தைகளில் ஒன்று அதுதான். மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின சனிக்கிழமை மாற்கு முடிந்துவிடும். அடுத்த திங்கள் லூக்கா 1. அது 80 வசனம், கொஞ்சம் நீளம், அன்றைக்கு மட்டும் ஐந்து நிமிஷம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பாருங்கள். குருத்தோலை ஞாயிற்றுக்கு மறுநாள் லூக்கா 19 வரும். இயேசு கழுதைக்குட்டியின் மேல் எருசலேமுக்கு வருவது அதில்தான். பெரிய வியாழனன்று லூக்கா 22. கடைசி இராப்போஜனம், கெத்செமனே, காட்டிக்கொடுக்கப்படுதல். பெரிய வெள்ளியன்று லூக்கா 23, சிலுவை. நாம் ஒன்றையும் தள்ளிவைக்காமல், இழுத்துப்பிடிக்காமல், அதுவாகவே அந்தந்த நாளில் வந்து உட்காருகிறது. சனிக்கிழமைக்கு லூக்கா 24 வரும். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

இரண்டு சுவிசேஷங்களையும் ஏற்கெனவே பல தடவை படித்தவர்கள் யாத்திராகமத்தை எடுக்கலாம். அதிலும் சரியாக 40 அதிகாரம். ஆனால் முதல் முறை தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ஆசரிப்புக் கூடாரத்தின் பலகை, கொளுக்கி, திரை அளவுகளில் மாட்டிக்கொண்டு பாதியில் விட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நாலைந்து பேர்.

ஒரு அதிகாரத்தை வாசித்து முடிக்க ஐந்து, பத்து நிமிஷம்தான் ஆகிறது. வாசித்ததே மனதில் நிற்கவில்லை. என்ன செய்வது?

சத்தமாக வாசியுங்கள். முதலில் செய்ய வேண்டியது இதுதான். கண் மட்டும் ஓடினால் மனது வேறு எங்கோ ஓடும். வாயும் காதும் சேர்ந்தால் அது கொஞ்சம் அடங்கும்.

அடுத்து, அதிகாரம் முழுவதையும் ஒரு தடவை வாசித்தபின், எந்த இடத்தில் மனது நின்றதோ அந்த இரண்டு மூன்று வசனத்துக்குத் திரும்பப் போங்கள். மெதுவாக இன்னொரு முறை. அதில் யார் நிற்கிறார், யார் பேசுகிறார், யார் சும்மா இருக்கிறார் என்று பாருங்கள். பிறகு அதைப் பற்றிக் கடவுளிடம் சொந்த வார்த்தையில் ஒன்றிரண்டு வரி பேசுங்கள். கடைசியில் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் இருங்கள். பழங்கால மடங்களில் துறவிகள் செய்துவந்த முறை இது. வாசிப்பு, தியானம், ஜெபம், மௌனம். நம் வீட்டுத் திண்ணைக்கும் இது நன்றாகவே பொருந்தும்.

எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது மடத்துத் துறவி யாரும் இல்லை, எங்கள் ஆயாதான். எழுதப் படிக்கத் தெரியாதவர். லெந்து நாட்களில் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் என்னை உட்காரவைத்து வாசிக்கச் சொல்வார். அவர் முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டோ கல் பொறுக்கிக்கொண்டோ கேட்பார். முறத்தின் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருக்கும். லூக்கா 22 வாசித்த ஒரு சாயங்காலம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. முற்றத்தின் நடுவில் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், இயேசுவின் சீஷனான பேதுருவும் கூட உட்கார்ந்திருக்கிறான், அவரைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்துவிட்டான், சேவல் கூவிவிட்டது. “அப்பொழுது கர்த்தர் திரும்பி, பேதுருவை நோக்கிப்பார்த்தார்” என்று வாசித்தேன். முறம் நின்றுவிட்டது. நான் அடுத்த வசனத்துக்குப் போனேன். “இருடி, திரும்பிப் பார்த்தார்னு இருக்கே, அத மறுபடி படி” என்றார். படித்தேன். மறுபடி படிக்கச் சொன்னார். அப்புறம் ரொம்ப நேரம் கழித்துத்தான் முறம் அசைந்தது.

அந்தப் பார்வை லூக்காவில் மட்டும்தான் இருக்கிறது, மற்ற மூன்று சுவிசேஷங்களிலும் சேவல் கூவுகிறது, ஆனால் இயேசு திரும்பிப் பார்த்ததாக எழுதவில்லை என்பதை நான் பெரியவளான பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஆயா எந்த விளக்கவுரையும் இல்லாமல் சரியான இடத்தில் நின்றிருக்கிறார். வாசிக்கத் தெரிந்த நமக்கு ஓடிப்போகத்தான் அவசரம்.

பழைய வேதாகமமா, திருவிவிலியமா? எது நல்லது?

எது கையில் இருக்கிறதோ அது. நமக்குப் பழகியது பழைய மொழிபெயர்ப்பு. “தேவனே, சுத்த இருதயத்தை என்னிலே சிருஷ்டியும்” என்று சிறுவயதிலேயே மனப்பாடம் ஆகிவிட்டது, அதை யாராலும் நம்மிடமிருந்து எடுக்க முடியாது. 1995-இல் வந்த திருவிவிலியத்தில் அதே வரி “கடவுளே! தூயதோர் உள்ளத்தை என்னுள்ளே படைத்தருளும்” என்று இருக்கும். பிள்ளைகளுக்கு இது சட்டென்று விளங்குகிறது. அது கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்த மொழிபெயர்ப்பு என்பதால் “அது ஆர்.சி. பைபிள்” என்று ஒதுக்க வேண்டியதில்லை.

எனக்குப் பிடித்த வழி, பழையதில் வாசித்துவிட்டு, விளங்காத இடத்தை மட்டும் திருவிவிலியத்தில் பார்ப்பது. “நிலைவரமான ஆவி” என்றால் என்ன என்று பத்து வயதுப் பையன் கேட்டால் அப்போது கைகொடுக்கும்.

எனக்கு ஜெபிக்கவே வராது. இரண்டு வரியில் முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் மாதிரி சரளமாக வராதா?

சரளம் வேண்டாம். லூக்கா 18-இல் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், ஜெபித்தது ஒரே ஒரு வரி: “தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்.” நீளமாக ஜெபித்தவன் பரிசேயன். வீட்டுக்கு நீதிமானாய்த் திரும்பிப் போனது யார் என்பதை இயேசுவே சொல்லிவிட்டார்.

சொந்த வார்த்தை வராதபோது வேதத்தில் இருக்கும் சங்கீதப் புத்தகத்தைக் கடன் வாங்குங்கள். மனந்திரும்புதலுக்கு என்று சபை பல நூற்றாண்டுகளாக வைத்திருக்கும் ஏழு சங்கீதங்கள் உண்டு: 6, 32, 38, 51, 102, 130, 143. லெந்தில் ஏழு வாரம் வருகிறது, சாம்பற்புதன் வாரத்தையும் சேர்த்து. வாரத்துக்கு ஒன்று. அந்த வாரம் முழுதும் அந்த ஒன்றையே தினமும் சொல்லுங்கள். முதல் இரண்டு நாள் வாசிப்பாக இருக்கும். நாலாவது நாள் அதில் ஒரு வரி உங்கள் சொந்தப் பேச்சாகிவிடும். வெட்கப்பட வேண்டாம். இயேசுவே சிலுவையில் சங்கீதத்தைத்தான் எடுத்தார். “உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்” என்பது 31-ஆம் சங்கீதத்தில் இருக்கும் வரி.

நான் நர்ஸ், வாரத்தில் பாதி நாள் நைட் டூட்டி. என் வீட்டுக்காரர் ராணிப்பேட்டையில் ஷிப்ட் வேலை. எங்களுக்கு ஒரே நேரம் என்று எதுவும் அமைவதில்லை.

உங்களை மாதிரி நம் ஊரில் எத்தனை ஆயிரம் பேர்! ஆஸ்பத்திரியும் தோல் ஷெட்டும் ஷூ கம்பெனியும் உள்ள ஊரில் “காலை ஐந்து மணிக்கு எழுந்து ஜெபியுங்கள்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது நியாயம் இல்லை.

கடிகார நேரத்தை விட்டுவிட்டு, தினமும் தவறாமல் செய்யும் ஏதாவது ஒரு காரியத்தோடு ஜெபத்தைச் சேர்த்துவிடுங்கள். டூட்டி முடிந்து வந்து குளித்தபின் தலை காயும் நேரம். காட்பாடியில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் முதல் பத்து நிமிஷம். ஷிப்டுக்கு டிபன் கட்டி வைத்துவிட்டு நிற்கிற நேரம். எந்த மணி என்பது மாறும், காரியம் மாறாது.

நைட் டூட்டிக்காரர்களுக்கு 130-ஆம் சங்கீதம் எழுதப்பட்டது போலவே இருக்கும்: “எப்பொழுது விடியுமென்று விடியற்காலத்துக்குக் காத்திருக்கிற ஜாமக்காரரைப்பார்க்கிலும் அதிகமாய் என் ஆத்துமா ஆண்டவருக்குக் காத்திருக்கிறது.” எட்டே வசனம். வார்டில் எல்லாரும் தூங்குகிற மூன்று மணிக்கு இதை மனதுக்குள் சொல்லிப் பாருங்கள். பகலில் வாசிக்கிற எங்களைவிட அதன் அர்த்தம் உங்களுக்கு நன்றாகத் தெரியும். கணவனும் மனைவியும் வேறு வேறு நேரத்தில் வாசித்தாலும் ஒரே அதிகாரத்தை வாசியுங்கள். சாப்பாடு எடுத்து வைக்கும்போது “இன்னிக்கு எந்த இடம் பிடிச்சது?” என்று ஒரு கேள்வி போதும்.

குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் உட்காருவதே இல்லை. அதிலும் மார்ச் மாதம் பரீட்சை வேறு.

பத்தாவதும் பிளஸ் டூவும் லெந்து நாட்களில்தான் பரீட்சை எழுதுகிறார்கள். அவர்களை முக்கால் மணி நேரம் உட்காரவைத்து, அதில் இருபது நிமிஷம் அவர்கள் மார்க்கைப் பற்றியே கடவுளிடம் புகார் சொன்னால் யார்தான் உட்காருவார்கள்? ஜெபத்தின் சாக்கில் பிள்ளையைத் திட்டக் கூடாது. இதை நான் கண்டிப்பாகவே சொல்கிறேன். “ஆண்டவரே, இவன் போன் பார்க்கிற பழக்கத்தை மாற்றும்” என்று அவன் காது கேட்க ஜெபிப்பது அவனுக்குப் போடும் சூடு. அப்புறம் பாய் விரித்தாலே எழுந்து ஓடுவான்.

பதினைந்து நிமிஷம் போதும். ஒரு கீர்த்தனை, ஒரு சரணம். அன்றைய அதிகாரத்தைப் பிள்ளைகளே மாற்றி மாற்றி வாசிக்கட்டும், பரீட்சைக்காரருக்கு ஐந்து வசனம் மட்டும். வீட்டில் இருக்கும் சின்னவர் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கட்டும். அப்பா ஜெபிக்கும்போது அன்றைக்குத் தான் செய்த ஒரு தப்பைச் சொல்லி மன்னிப்புக் கேட்கட்டும். இந்தக் கடைசிக் காரியத்தைச் செய்து பார்த்த வீடுகளில் என்ன நடந்தது என்று கேட்டுப் பாருங்கள். பெரியவர் தலை குனிகிறதைப் பார்க்கிற பிள்ளைக்கு மனந்திரும்புதல் என்றால் என்ன என்று தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை.

உபவாசம் இருந்தே ஆகவேண்டுமா?

சி.எஸ்.ஐ.யில் கட்டாயம் இல்லை. ஆர்.சி. சபையில் ஒழுங்கு உண்டு: திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி, அதாவது ஒரு நேரம் மட்டும் முழுச் சாப்பாடு. 18 வயது நிரம்பியவர்கள் 60-ஆம் வயது தொடங்கும் வரை அதற்குக் கட்டுப்பட்டவர்கள். கறி விலக்குகிற சுத்தபோசனம் 14 வயதிலிருந்து. நோயாளிகளுக்கு விலக்கு இருக்கிறது.

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார் பட்டினி கிடக்க வேண்டாம். டாக்டரைக் கேட்காமல் எதையும் தொடங்க வேண்டாம். உபவாசக் கூட்டத்தில் ஒரு அம்மா மயங்கி விழுந்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. அவரைத் தூக்கி உட்காரவைத்து சர்க்கரைத் தண்ணீர் கொடுத்த அந்த ஐந்து நிமிஷம் எங்கள் யாருக்கும் மறக்காது. உங்கள் உடம்பைக் கடவுள் உங்களிடம் கேட்கவில்லை. யோவேல் சொன்னது இது: “நீங்கள் உங்கள் வஸ்திரங்களையல்ல, உங்கள் இருதயங்களைக் கிழித்து, உங்கள் தேவனாகிய கர்த்தரிடத்தில் திரும்புங்கள்.”

நாற்பது நாள் பிரியாணியை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அது போதுமா?

ஆம்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு பிரியாணியை விடுவது சின்ன காரியம் இல்லை, நல்ல தீர்மானம்தான். ஆனால் விட்ட பிரியாணியின் காசு எங்கே போகிறது என்று பாருங்கள். அது உங்கள் பையிலேயே இருந்தால் அதற்குச் சிக்கனம் என்று பேர்.

ஏசாயா 58-ஐ லெந்துக்கு முன்னால் ஒரு தடவை முழுதாக வாசித்துவிடுங்கள். கடவுளுக்குப் பிரியமான உபவாசம் எது என்று அங்கே பட்டியலே இருக்கிறது. “பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடுக்கிறதும்” அதில் ஒன்று. நம் ஊரில் அதற்கு இடம் தேடி அலைய வேண்டாம். வைத்தியத்துக்காக வடக்கேயும் வடகிழக்கேயும் இருந்து வந்து, ஆஸ்பத்திரியைச் சுற்றியுள்ள லாட்ஜ் அறைகளில் வாரக்கணக்கில் தங்கி, சின்ன ஸ்டவ்வில் சோறு பொங்கித் தின்னுகிறவர்கள் எத்தனை பேர்! பாஷை தெரியாது, காசு கரைந்துகொண்டே இருக்கும். எங்கள் சபையில் சில குடும்பங்கள் லெந்து வெள்ளிக்கிழமைகளில் கறிக்கு ஆகும் பணத்தில் அரிசி, பருப்பு, உருளைக்கிழங்கு வாங்கி, அப்படித் தங்கியிருக்கிறவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். போட்டோ எடுப்பதில்லை. எனக்குத் தெரிந்து எங்கள் சபையில் நடக்கும் மிக நல்ல லெந்து அதுதான்.

நெற்றியில் சாம்பல் இட்டுக்கொண்டு வேலைக்குப் போகலாமா? மத்தேயு 6-இல் உபவாசத்தை மறைக்கச் சொல்லியிருக்கிறதே?

போன வருஷத்துக் குருத்தோலையை எரித்து எடுக்கும் சாம்பல் அது. “நீ மண்ணாயிருக்கிறாய்” என்று நமக்கு நாமே ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான். இடுவதும் இடாததும் உங்கள் சபை வழக்கம். யாராவது கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்லுங்கள், கேட்காவிட்டால் நீங்களாகப் பேச்சை எடுக்க வேண்டாம்.

உபவாசத்தைப் பொறுத்தவரை இயேசு சொன்னது தெளிவு: “உன் தலைக்கு எண்ணெய் பூசி, உன் முகத்தைக் கழுவு.” வேலூர் மார்ச் வெயிலில் இதைவிட நல்ல ஆலோசனை கிடையாது. எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலை வாரி, சிரித்த முகமாக வேலைக்குப் போங்கள். “இன்னிக்கு நான் உபவாசம்” என்று டீ கொண்டு வருகிறவரிடம் அறிவிக்க வேண்டாம். “இப்போ வேணாம்ணா” என்றால் போதும்.

பக்கத்து வீட்டில் ரமலான் நோன்பு. அவர்கள் கொடுக்கும் நோன்புக் கஞ்சியை லெந்தில் வாங்கலாமா?

தாராளமாக வாங்குங்கள். 2026-இல் சாம்பற்புதனும் ரமலான் நோன்பின் தொடக்கமும் ஒரே வாரத்தில் வந்தன. மேல்விஷாரத்திலும் பேரணாம்பட்டிலும் வாணியம்பாடியிலும் தெருவே நோன்பு இருக்கும்போது நம் உபவாசம் எவ்வளவு லேசானது என்று தெரிகிறது, தண்ணீர்கூடக் குடிக்காமல் பகல் முழுதும் வேலை செய்கிறார்கள். வெள்ளிக்கிழமை கறி விலக்குகிறவர்கள், கஞ்சியில் கறி போட்டிருந்தால் அன்றைக்கு வீட்டில் மற்றவர்களுக்குக் கொடுக்கலாம். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தராதீர்கள்.

என் மருமகள் ஆர்.சி. வீட்டுப் பெண். வெள்ளிக்கிழமை சிலுவைப் பாதைக்குக் கூப்பிடுகிறாள். போகலாமா?

போங்கம்மா. அவள் கூப்பிடுவதே பெரிய விஷயம். பதினாலு நிலைகள். பெரும்பாலானவை சுவிசேஷத்தில் இருப்பவை. வெரோணிக்கா முகம் துடைப்பது, இயேசு மூன்று தரம் விழுவது போன்ற சில, வேதத்தில் எழுதப்படாமல் மரபில் வந்தவை. அது தெரிந்து போனால் குழப்பம் இருக்காது. முழங்கால் வலி இருந்தால் எல்லா நிலையிலும் முழங்கால் போட வேண்டும் என்று இல்லை, நின்றுகொள்ளலாம். திரும்பி வந்து மருமகளையும் உங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது வாரமே விட்டுப்போய்விட்டது. ஊரில் ஒரு சாவு, அப்புறம் ஒரு கல்யாணம், எட்டு நாள் வாசிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்தா?

வேண்டாம். விட்ட எட்டு அதிகாரத்தையும் ஒரே ராத்திரியில் வாசித்து முடிக்கவும் வேண்டாம். அது கணக்கு தீர்ப்பது. இன்றைக்கு எந்த அதிகாரமோ அதைத் திறங்கள். லூக்கா 15 எந்த நாளில் வருகிறது என்று எண்ணினீர்களா? ஐந்தாவது ஞாயிற்றுக்குப் பிறகு வரும் புதன்கிழமை. முக்கால்வாசிப் பேர் சோர்ந்துபோகிற நேரம் அது. அன்றைக்கு நாம் வாசிக்கிறது, வீட்டை விட்டுப் போன இளைய மகன் திரும்பி வரும் கதை, “அவன் தூரத்தில் வரும்போதே, அவனுடைய தகப்பன் அவனைக் கண்டு, மனதுருகி, ஓடி” என்று. அந்த மகன் எத்தனை நாள் வீட்டை விட்டுப் போயிருந்தான் என்று தகப்பன் கணக்குக் கேட்கவில்லை.

பெரிய வாரத்தில் தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

வியாழன் இரவு லூக்கா 22-ஐ விளக்கு குறைத்து வாசியுங்கள். வெள்ளியன்று பகல் பன்னிரண்டு முதல் மூன்று வரை சபையில், இயேசு சிலுவையில் சொன்ன ஏழு வார்த்தைகளின் தியானம் இருக்கும். ஏழில் மூன்று லூக்கா 23-இல் இருக்கின்றன என்பதால் காலையிலேயே வாசித்துவிட்டுப் போனால் பிரசங்கம் இன்னும் நன்றாக மனதில் இறங்கும். மூன்று மணி நேரம் வெயிலில் போய்வர முடியாத பெரியவர்களுக்கு வீட்டில் ஒருவர் அந்த அதிகாரத்தை வாசித்துக் காட்ட வேண்டும்.

சனிக்கிழமை லூக்கா 24 என்று கணக்கில் வருகிறது. ஆனால் அது உயிர்த்தெழுதல் ஆயிற்றே, முன்னாலேயே வாசிக்கலாமா?

அன்றைக்கு வாசிக்க வேண்டாம் என்பது என் வழக்கம். சனிக்கிழமை வேதம் மூடியே இருக்கட்டும். லூக்கா 23-இன் கடைசி வரியில், இயேசுவின் கல்லறை வரை போன பெண்கள் பரிமளதைலங்களை ஆயத்தம்பண்ணி வைத்துவிட்டு ஓய்ந்திருந்தார்கள் என்று இருக்கிறது. அவர்களுக்கும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. நாமும் வீட்டைப் பெருக்கி, துணி மடித்து, அவர்களோடு சும்மா இருக்கலாம்.

ராத்திரி படுக்கும் முன் வேதத்தில் லூக்கா 24-ஆம் அதிகாரத்தில் ஒரு துண்டுக் காகிதம் வைத்துவிடுங்கள். விடியற்கால ஆராதனைக்கு மூன்றரை மணிக்கு எழுந்து, பிள்ளைகளை எழுப்பி, பூ வைத்து, ஆட்டோவுக்கு ஓடுகிற அவசரத்தில் பக்கம் தேட நேரம் இருக்காது. வாசலில் நின்றபடியே முதல் ஆறு வசனத்தை யாராவது ஒருவர் சத்தமாக வாசிக்கட்டும், பக்கத்து வீட்டார் எழுந்தாலும் பரவாயில்லை. மீதியை ஆராதனை முடிந்து வந்து, இட்லியோடு உட்கார்ந்து வாசித்துக்கொள்ளலாம்.